குவாத்தமாலாவில் துண்டு போட்டவன்

எங்கள் வீட்டில் சுற்றுலாத்துறை என் மனைவி கல்பனாவின் கையில் இருக்கிறது. எங்கே போவது, எதைப் பார்ப்பது, காலையில் யார் முதலில் குளிப்பது எல்லாம் அவள் முடிவு. பெட்டி தூக்குவது, டிரைவ் பண்ணுவது, அவள் காட்டிய திசையில் பார்த்து "ஆமா, சூப்பரா இருக்கு" என்பது ஆகியவை என் இலாகா. டெக்சஸில் கேட்டி என்ற ஊருக்குக் குடிவந்த நாளிலிருந்து இந்த அரசியலமைப்பில் ஒரு திருத்தமும் வந்ததில்லை.

என் வாய் சும்மா இருக்கவில்லை. நண்பர் வீட்டுப் பிறந்தநாள் பார்ட்டியில், கையில் சமோசாவோடு, நாலு பேர் நடுவில் சொல்லிவிட்டேன்: "நான் பிளான் பண்ணினா ட்ரிப்பே வேற லெவல்ல இருக்கும்."

பக்கத்து மேசையிலிருந்து கல்பனா திரும்பினாள். "பண்ணுங்களேன். ஸ்பிரிங் பிரேக் லீவு வருதுல்ல? நீங்கதான் கேப்டன். நான் வாயே திறக்க மாட்டேன். ஆனா சொதப்புனீங்கன்னா, அப்புறம் ஆயுசுக்கும் நீங்க வாயத் திறக்கக் கூடாது."

நாலு பேரும் கைதட்டினார்கள். சாட்சிகளோடு ஒப்பந்தம் ஆகிவிட்டது.

இப்படித்தான் நான், கல்பனா, பதினைந்து வயது மகள் ஆதிரா மூவரும் குவாத்தமாலாவில் போய் இறங்கினோம். ஹூஸ்டனில் ஏறி, கொடுத்த பொட்டலத்தைத் தின்று, ஒரு தூக்கம் போட்டால் வந்துவிடுகிறது. காரில் டல்லாஸ் போகிற நேரம்கூட ஆகாது. இருந்தாலும் எங்கள் நண்பர்களில் பாதிப் பேருக்கு அந்த நாடு ஆப்பிரிக்காவில் இருக்கிறது.

கேப்டனாக என் முதல் உத்தரவு: ரைஸ் குக்கர் வரக் கூடாது. போகிற ஊர்ச் சாப்பாட்டைத்தான் சாப்பிட வேண்டும். கல்பனா சொன்னபடியே வாயைத் திறக்கவில்லை. ஆனால் பெட்டியைத் தூக்கியபோது வழக்கத்தைவிடக் கனத்தது.

முதல் நாள் ஆன்டிகுவா. கருங்கல் பாவிய தெருக்கள். மஞ்சளும் காவியும் நீலமும் பூசிய ஓட்டு வீடுகள். எந்தத் தெருமுனையில் திரும்பினாலும் முடிவில் ஒரு எரிமலை. அதில் ஒன்று அவ்வப்போது குபுக்கென்று புகை விடுகிறது. நான் பதறிப்போய் கேமராவைத் தேடினேன். பக்கத்தில் ஷூ பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தவர் தலையைக்கூடத் தூக்கவில்லை. வீட்டில் மாமனார் இருமினால் நாம் எவ்வளவு கவனிப்போமோ, அவ்வளவுதான் அந்த ஊர்க்காரர்கள் எரிமலையைக் கவனிக்கிறார்கள்.

நாங்கள் தங்கிய வீட்டின் சொந்தக்காரி டோன்யா மார்த்தா. டோன்யா என்பது நம் 'அம்மா' போல மரியாதைச் சொல். எழுபதை நெருங்கும் வயது, காலில் கேன்வாஸ் ஷூ, இடுப்பில் சாவிக்கொத்து. அவருக்கு ஆங்கிலம் வராது, எங்களுக்கு ஸ்பானிஷ் வராது. ஆதிரா பள்ளியில் ஸ்பானிஷ் படிக்கிறாள். நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பெண், இங்கே வந்ததும் அதே தமிழை வாங்கி ஸ்பானிஷில் கொடுத்தாள். போட்ட ஃபீஸ் வீணாகவில்லை.

சாயங்காலம் முற்றத்தில் காப்பி குடிக்கும்போது மூலையில் சாக்குச் சாக்காக ஏதோ இருந்ததைக் கல்பனா பார்த்தாள். பிரித்தால் மரத்தூள். ஊதா, மஞ்சள், பச்சை, ரத்தச் சிவப்பு என்று சாயம் ஏற்றிய மரத்தூள். அவள் கை தானாக உள்ளே போய், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு சிட்டிகை எடுத்து உருட்டிப் பார்த்தது.

இதைச் சொல்ல வேண்டும். கல்பனா கோலக்காரி. எங்கள் பக்கத்துப் பொங்கல் விழாக் கோலப் போட்டியில் வருடா வருடம் இரண்டாம் பரிசு வாங்குகிறவள். முதல் பரிசு பக்கத்து ஊரான சுகர் லேண்டிலிருந்து வரும் ஒரு ஆன்ட்டிக்கு. போட்டிக்கு முந்தைய வாரம் முழுவதும் எங்கள் இரண்டு கார்களும் வெளியே மழையில் நிற்கும். கராஜ் தரை பயிற்சிக் களம். அந்த ஆன்ட்டியின் பெயரை எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் யாரும் சொல்வதில்லை.

டோன்யா மார்த்தா அந்த விரல்களைப் பார்த்தார். அவர் சொன்னதை ஆதிரா மொழிபெயர்த்தாள். இது தவக்காலம். ஞாயிற்றுக்கிழமை இயேசு சிலுவை சுமக்கும் பெரிய சப்பரம் தெருத் தெருவாக வரும். அது வரும் வழியில் ஒவ்வொரு வீட்டுக்காரரும் நடுத்தெருவில் மரத்தூளால் கம்பளம் போடுவார்கள். சப்பரம் அதன் மேல் நடந்து போகும். அதோடு கம்பளம் காலி.

"ஞாயிறு நாங்களும் போடுகிறோம். உன் அம்மாவுக்கு ஒரு மூலை தருகிறேன்" என்றார். "ஆனால் மத்தியானத்துக்கு மேல் சப்பரம் எங்கள் தெருவுக்கு வந்துவிடும். அது யாருக்காகவும் நிற்காது."

கல்பனா என்னைப் பார்த்தாள். என் திட்டப்படி சனிக்கிழமை அத்தித்லான் ஏரி, ஞாயிறு திரும்புவது. "வந்துரலாம்ல?" என்றாள். முழுப் பயணத்திலும் அவள் கேட்டது அது ஒன்றுதான்.

"கேப்டன் இருக்க பயமேன்" என்றேன்.

சனிக்கிழமை ஏரி. மூன்று எரிமலைகளுக்கு நடுவில் நீலத்தை ஊற்றி வைத்தது போல் இருக்கிறது. அக்கரைக் கிராமங்களுக்குப் போக மோட்டார் படகுகள். உள்ளூர்ப் பெண்கள் எல்லோரும் கடைசி வரிசையில் நெருக்கிக்கொண்டு உட்கார, முன்வரிசை முழுக்கக் காலி. "பாத்தியா, ஃபர்ஸ்ட் கிளாஸ் நமக்குன்னே விட்டிருக்காங்க" என்று போய்க் கால் நீட்டி உட்கார்ந்தேன். மத்தியானத்துக்குப் பிறகு அந்த ஏரியில் ஒரு காற்று கிளம்பும் என்பதும், அப்போது முன்வரிசை ஆள் அலைக்கு அலை அரை அடி எகிறி, ஒவ்வொரு முறையும் ஒரு வாளித் தண்ணீர் வாங்குவான் என்பதும் பாதி ஏரியில் தெரிந்தது. பின்னாலிருந்த பெண்கள் பிளாஸ்டிக் விரிப்பை மடியில் இழுத்துக்கொண்டு, என்னைப் பார்த்துப் பரிவோடு சிரித்தார்கள். ஆதிரா வீடியோ எடுத்தாள். நான் கரை இறங்குவதற்குள் கேட்டியில் சமோசா சாட்சிகள் நால்வரும் அதைப் பார்த்துவிட்டார்கள்.

சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை. கறுப்பு பீன்ஸை அரைத்துத் தாளித்த கூட்டு, பொரித்த நேந்திரம் பழம், கையால் தட்டிய சோள ரொட்டி. காலையில் அருமை. மத்தியானம் நன்று. ராத்திரியும் அதையே பார்த்தபோது கேப்டனின் கண் கலங்கியது. கல்பனா பெட்டியைத் திறந்தாள். உள்ளே ரைஸ் குக்கர் இல்லை, உத்தரவுக்குக் கட்டுப்பட்டவள். புளிக்காய்ச்சல் இருந்தது, எலுமிச்சை ஊறுகாய் இருந்தது, பருப்புப் பொடி இருந்தது. சோள ரொட்டிக்குப் புளிக்காய்ச்சல் போல ஒரு ஜோடி அமையாது. பரிமாறிய பையனும் ஒரு வாய் வாங்கித் தின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு வாய் கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை. ஏரியிலிருந்து நேராக ஆன்டிகுவா போயிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டியே இருந்திருக்காது. ஆனால் சிச்சிகாஸ்தெனாங்கோ என்றொரு மலை ஊரில் ஞாயிறு சந்தை பிரமாதம் என்று கேள்விப்பட்டு, அதன் வழியாகப் போகும் சுற்றுலா வேனில் இடம் போட்டு வைத்திருந்தேன். "வழியிலதான் இருக்கு" என்று கல்பனாவிடம் சொன்னேன். வரைபடத்தில் என் கட்டைவிரலை வைத்தால் இரண்டு ஊரும் அதற்குள் அடங்கின.

சிச்சிக்கு வந்ததும் வேன் டிரைவர், "உச்சிவேளை மணி அடித்ததும் கிளம்பிவிடுவேன்" என்றார். ஆதிரா இரண்டு தடவை மொழிபெயர்த்தாள்.

வெள்ளைத் தேவாலயப் படிக்கட்டு முழுக்கப் பூக்கூடைகள். சாம்பிராணிப் புகை. கீழே, கண் கூசும் நிறங்களில் துணிக்கடைகள். அங்கே ஒரு சிவப்பு நெசவுத் துணி என் கண்ணில் பட்டது. குழந்தையையும் காய்கறியையும் முதுகில் கட்டிக்கொள்ள அந்த ஊர்ப் பெண்கள் வைத்திருப்பது. நான் பேரத்தை ஆரம்பித்தேன்.

பேரத்தில் நம் ஆட்களுக்கு ஒரு கடைசி ஆயுதம் உண்டு. "அப்ப வேண்டாம்மா" என்று துணியைப் போட்டுவிட்டு நடந்துவிடுவது. மூன்றாவது அடி வைப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வரும். நான் நடந்தேன். மூன்றாவது அடி வைத்தேன். பத்தாவது அடியும் வைத்தேன். மெல்லத் திரும்பிப் பார்த்தால், கடைக்காரி நிம்மதியாகச் சோளக்கதிர் கடித்துக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் சந்தையை ஒரு சுற்றுச் சுற்றி, புதிதாக வருகிறவன் போல மறுபடி போய் நின்றேன். மறுபடி பேரம், மறுபடி நடை, மறுபடி சந்தையைச் சுற்றுவது. கடைசியில் அவள் அலுத்துப்போய் ஒரு விலையைச் சொல்ல, வெற்றிக் கோப்பையை வாங்குகிறவன் போல இரண்டு கையாலும் துணியை வாங்கினேன்.

தேவாலய மணி எப்போது அடித்தது என்று எனக்குத் தெரியாது. வேன் நின்ற இடத்தில் ஒரு நாய் படுத்திருந்தது. டிரைவர் நாணயமானவர், எங்கள் பெட்டிகள் மட்டும் ஒழுங்காக நேரத்துக்கு ஆன்டிகுவா போய்ச் சேர்ந்தன.

கல்பனா திட்டியிருந்தால் தேவலாம். நடைபாதைக் கல்லில் உட்கார்ந்து, ஆன்டிகுவா இருக்கும் திசையை, அதாவது அவள் நினைத்த திசையை, பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு மூலைங்க. எனக்குன்னு ஒரு மூலை வெச்சிருப்பாங்க, பாவம்" என்றாள்.

பிறகு சந்தையில் விசாரித்ததில் ஒரு வழி இருந்தது. கீச்சே என்ற ஊரிலிருந்து தலைநகர் போகும் பஸ் இந்த வழியாக வரும். நடுவில் சிமால்தெனாங்கோ என்ற ஊரில் இறங்கி வேறு பஸ் மாறினால் ஆன்டிகுவா. ஆனால் சந்தை நாள். அந்த பஸ்ஸுக்காகக் கோழியோடும் மூட்டையோடும் பாதி மாவட்டம் காத்திருந்தது.

பஸ் வந்தது. அமெரிக்காவில் ஓடி ஓய்ந்த மஞ்சள் ஸ்கூல் பஸ்தான். இங்கே சிவப்பும் பச்சையும் பூசி, நெற்றியில் சாமி பெயர் எழுதி, கல்யாண மண்டபம் போல ஜோடித்து மறுபிறவி கொடுத்திருந்தார்கள். படியில் தொங்கிய நடத்துனர் "வாத்தே வாத்தே வாத்தே!" என்று, தலைநகருக்கும் அதே பெயரான குவாத்தமாலாவைச் சுருக்கிக் கூவ, கூட்டம் கதவை நோக்கிப் பாய்ந்தது.

அந்த நொடியில் எனக்குள் ஒருவன் விழித்துக்கொண்டான். உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்டிலிருந்து நான்கு வருடம் கல்லூரிக்குப் போய் வந்தவன். கேட்டியிலிருந்து ஃப்ரீவேயில் தனியாளாக ஏழு பேர் உட்காரும் வண்டியை ஓட்டிப் போகும் கனவான் எங்கோ போனான். நான் கதவுப் பக்கமே போகவில்லை. பஸ் நிற்பதற்குள் பக்கவாட்டில் ஓடி, காலியாகத் தெரிந்த ஒரு சீட்டைப் பார்த்து, திறந்த ஜன்னல் வழியாக அந்தச் சிவப்புத் துணியை விரித்து வீசினேன். கச்சிதமாகச் சீட்டில் விழுந்தது. 'இடம் நம்மது' என்று நிமிர்ந்தேன்.

பக்கத்து சீட்டில், மடியில் சேவலோடு ஒரு அம்மாள். அவர் துணியை எடுத்து, உதறி, அழகாக மடித்து, ஜன்னல் வழியே என்னிடம் நீட்டினார். "ஐயா, உங்கள் துணி விழுந்துவிட்டது."

மறுபடி வீசினேன். மறுபடி மடித்துக் கொடுத்தார். இந்த முறை முகத்தில் கொஞ்சம் கவலை தெரிந்தது. என் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் துணியைத் தொட்டுப் பார்த்து ஏதோ கேட்டார்.

"அப்பா, ஹி இஸ் ஆஸ்கிங் த ப்ரைஸ்" என்று ஆதிரா அரை உயிரில் சொன்னாள். "ஓ மை காட். ப்ளீஸ் ஸ்டாப். எவ்ரிபடி இஸ் லுக்கிங்."

"அந்தம்மாகிட்ட சொல்லுடி, அது நம்ம சீட்டுன்னு!"

"நோ! இட்ஸ் நாட் அ திங் ஹியர், அப்பா! நோபடி வில் கெட் இட்!"

அப்போதுதான் கல்பனா ஒப்பந்தத்தை முறித்தாள். "ஆதிரா, கத்துடி! அப்பா போட்ட துண்ட விட்றாத!"

மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த துணியைப் பிடுங்கி, எகிறி, தானே ஜன்னலுக்குள் வீசிவிட்டு, ஸ்பானிஷில் கத்த ஆரம்பித்தாள். அவள் வகுப்பில் இவ்வளவு சத்தமாகப் பேசியிருக்க மாட்டாள். அவள் கத்தியது இது என்று பிறகு சொன்னாள்: "இது எங்க அம்மாவோட சீட்! அவங்க ஆன்டிகுவாவுல சாமிக்குக் கம்பளம் போடணும்! சப்பரம் வர்றதுக்குள்ள போகணும்! ப்ளீஸ், துணிய திருப்பித் தராதீங்க!"

சேவல் அம்மாள் வாயைப் பிளந்தார். பிறகு முகம் முழுக்கச் சிரிப்பு. அந்த ஊரில் சாமி, கம்பளம், சப்பரம் என்ற மூன்றையும் கேட்ட பிறகு யாருக்கும் விளக்கம் தேவையில்லை. துணியைச் சீட்டில் நீவி விரித்தார். அதன் நடுவில் சேவலைத் தூக்கி உட்கார வைத்தார். உட்கார வந்தவர்களையெல்லாம் அது ஒரு பார்வை பார்த்து அனுப்பியது. உடுமலைப்பேட்டையில்கூட என் துண்டுக்கு இப்படியொரு காவல் கிடைத்ததில்லை.

பிதுங்கிப் பிதுங்கி நாங்கள் உள்ளே போய்ச் சேர்ந்தபோது பஸ்ஸே கைதட்டியது. இரண்டு பேர் சீட்டில் நாங்கள் மூவரும், அதாவது ஊர் வழக்கப்படி சரியாக, அடங்கினோம். அம்மாள் துணியின் ஓரத்தைத் தடவி, "என்ன விலை கொடுத்தீர்கள்?" என்றார். ஆதிரா சொன்னாள். அவர் பின் சீட்டுக்குச் சொன்னார். பின் சீட்டு அதற்குப் பின் சீட்டுக்குச் சொன்னது. சிரிப்பு கடைசி வரிசை வரை போய், அங்கே மோதி, டிரைவரிடம் திரும்பி வந்தது. அவரும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நானும் எழுந்து ஒரு வணக்கம் போட்டேன். பிறகு என்ன செய்ய?

டிரைவர் தலைக்கு மேல் பழைய ஆங்கிலப் பலகை அப்படியே இருந்தது: உட்கார்ந்தே இருக்கவும், சத்தம் போடாதீர், தின்பண்டம் கூடாது. அதன் கீழே நின்றபடி ஒருவர் உப்பும் எலுமிச்சையும் தூவிய மாங்காய் விற்றுக்கொண்டிருந்தார். "திஸ் இஸ் லிட்ரலி மை ஸ்கூல் பஸ்," என்றாள் ஆதிரா, மாங்காயைக் கடித்துக்கொண்டே. "பட் பெட்டர்."

சிமால்தெனாங்கோவில் மாறிய பஸ்ஸில் சீட்டும் இல்லை, துண்டு போட நேரமும் இல்லை. பெண்களை உள்ளே தள்ளிவிட்டு நான் படியில் தொங்கினேன். வயிறு பஸ்ஸுக்குள்ளும் மிச்சம் குவாத்தமாலாவிலுமாகப் பயணம். ஆன்டிகுவா எல்லையிலேயே பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். உள்ளே தெருவெல்லாம் சப்பரத்துக்காக அடைப்பு. இறங்கியதும் கேட்டது பேண்டு வாத்தியம்.

கல்பனா ஓடினாள். கேட்டியில் டிரெட்மில் மேல் துணி காயப்போடுகிறவள், கருங்கல் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சேவல் காவல் காத்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். நடைபாதை ஓரமாக, கம்பளம் கம்பளமாகத் தாண்டி, ஒன்றின் மேலும் கால் படாமல். பின்னால் ஆதிரா. அவளுக்கும் வெகு பின்னால், மூச்சு வாங்கிக்கொண்டு கேப்டன்.

டோன்யா மார்த்தா வீட்டு வாசலில் கம்பளம் முடிந்திருந்தது. ஊதாக் கரை, நடுவில் மஞ்சள் பறவைகள், சுற்றிலும் பைன் ஊசியிலை. ஒரே ஒரு மூலை மட்டும் வெறும் மரத்தூளாக, தண்ணீர் தெளித்து ஈரமாக, காலியாக இருந்தது. கல்பனாவைக் கண்டதும் அவர் கடிகாரத்தைக் காட்டி ஒரு முழுநீளத் திட்டு திட்டினார். ஆதிரா மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவில்லை. திட்டிக்கொண்டே வெள்ளை மரத்தூள் கிண்ணத்தைக் கையில் திணித்தார்.

அங்கே எல்லோரும் அட்டையில் வெட்டிய அச்சு வைத்துச் சல்லடையால் தூவுகிறார்கள். கல்பனா சிவப்புத் துணியை மடித்து முட்டிக்குக் கீழே போட்டாள். ஒரு சிட்டிகை எடுத்தாள். புள்ளி வைத்தாள். பிறகு விரல் நின்ற இடம் தெரியவில்லை. கை எடுக்காமல் ஒரே இழையாக, புள்ளிகளைச் சுற்றிச் சுற்றி, சிக்குக் கோலம். முதலில் பக்கத்து வீட்டுப் பெண் அச்சைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். பிறகு எதிர் வீட்டார். வாத்தியம் தெருமுனையைத் திரும்பியபோது அந்த மூலையைச் சுற்றி ஒரு கூட்டமே நின்றது. கடைசி இழை முதல் இழையில் போய்ச் சேர்ந்ததும் ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார்.

டோன்யா மார்த்தா ஏதோ சொன்னார். அச்சு எங்கே என்று கேட்கிறாராம், ஆதிரா ஆங்கிலத்தில் சொன்னாள். "ஐ டோல்ட் ஹர், இட்ஸ் அம்மாஸ் ஹேண்ட்."

சப்பரம் வந்தது. ஊதா அங்கி போட்ட ஆண்கள் தோளில் சுமந்து, சாய்ந்து சாய்ந்து, சாம்பிராணி மேகத்துக்குள்ளிருந்து கப்பல் போல வந்தது. நூறு கால்கள் பறவைகள் மேல் நடந்தன. ஊதாக் கரை மேல் நடந்தன. சிக்குக் கோலத்தின் மேல் நடந்தன. கண் மூடித் திறப்பதற்குள் எல்லாம் ஒரே வண்ணக் குழம்பு. நான் கல்பனாவைப் பயத்தோடு பார்த்தேன். அழுவாள் என்று நினைத்தேன்.

அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். "ஏனுங்க, நம்மூர்ல பால்காரன் சைக்கிளத்தான் ஏத்திட்டுப் போவான். இங்க சாமியே நேர்ல வந்து மிதிச்சுட்டுப் போறாருங்க! அந்த சுகர் லேண்ட் ஆன்ட்டி கோலத்த எந்தச் சாமி மிதிச்சுது, சொல்லுங்க பாப்போம்?"

அன்று சாயங்காலம் கேட்டி சாட்சிகளுக்கு அவளே செய்தி அனுப்பினாள்: "கேப்டன் பாஸ். சந்தைப் பாடத்துல மட்டும் ஃபெயில்." அடுத்த பயணத்துக்கும் நானே கேப்டன் என்று அறிவித்துவிட்டாள். வேன் போனதை யாரும் பேசவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.

மறுநாள் விமான நிலையம். ஸ்பிரிங் பிரேக் முடிந்து டெக்சஸ் திரும்பும் கூட்டம் மொத்தமும் எங்கள் விமானம் புறப்படும் வாசலில் நின்றது. உட்கார ஒரு நாற்காலி இல்லை. தூரத்தில் ஒரு குடும்பம் எழுந்து பெட்டியைத் தூக்கியது. இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்கள் அந்த இடத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்கள்.

நான் துணியைத் தேடிப் பைக்குள் கை விட்டேன். அதற்குள் என்னைத் தாண்டி ஏதோ பறந்தது. ஆதிராவின் ஹூடி. கைகளை அகல விரித்துக்கொண்டு பறந்து போய், மூன்று நாற்காலிகளின் மேல் குறுக்கே, அளந்து வைத்தது போல விழுந்தது.

"அப்பா, அம்மா, வாங்க," என்றாள். தமிழில்.